கல் விட்ட மூச்சு

திருகோணமலைக்கு வருகிற யாத்திரிகர்கள் பிரடெறிக் கோட்டை வாயிலைக் கடந்து, மான்கள் திரியும் மரநிழல் வழியே மேலேறி, கோணேசப் பெருமானைத் தரிசித்துவிட்டு, இராவணன் வெட்டு என்று வழங்கும் அந்தச் செங்குத்தான பிளவின் அருகில் நின்று கடற்காற்றை நெஞ்சு நிறைய வாங்கிக்கொள்வது வழக்கம். அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வங்கக் கடலிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பூகர்ப்ப சாஸ்திரம் படித்தவர் அதே கேள்விக்கு வேறு விடை சொல்லுவார். உள்ளே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு கல்லுக்குள்ளே பிறந்து, கல்லின் நுண்ணிய வெடிப்புகள் வழியாக வெளியேறிய வாயு என்பது அவர் விடை. அவர் அலங்காரமாகப் பேசவில்லை. எடை போட்டும் அளந்தும் தீர்மானிக்கப்பட்ட உண்மையையே சொல்லுகிறார்.

அந்த வாயுவின் பெயர் ஆகன். வாயுமண்டலத்தில் நைதரசன் 78 வீதமும் பிராணவாயு 21 வீதமும் போக, மிஞ்சியதில் பெரும்பகுதி இதுதான். காற்றிலிருந்து பிரித்தெடுத்த நைதரசன், இரசாயன முறையில் உண்டாக்கிய நைதரசனைவிட நூற்றுக்கு அரைப்பங்களவு பாரமாக இருப்பதைக் கண்டு, அந்த அற்ப வித்தியாசத்தை அலட்சியம் செய்யாமல் துருவிப் பார்த்த ரேலி பிரபுவும் வில்லியம் ராம்சேயும் 1894ஆம் ஆண்டில் இதனைக் கண்டுபிடித்தார்கள். பாறைகளிற் சாதாரணமாகக் காணப்படும் பெல்ஸ்பார், அப்பிரகம் முதலிய கனிமங்களில் பொற்றாசியம் இருக்கிறது. அந்தப் பொற்றாசியத்தில் மிகச் சிறு பகுதி கதிரியக்கமுள்ளது. அது தன்னில் பாதியை இழக்க 125 கோடி ஆண்டுகள் செல்லும். அப்படி அழிவதில் பத்தில் ஒரு பங்களவு ஆகனாகவும், மிகுதி கல்சியமாகவும் மாறுகிறது. நாம் சுவாசிக்கும் ஆகன் ஏறக்குறைய முழுவதும் இவ்வாறு பிறந்ததே. 454 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி உருவான காலத்தில் இந்த வாயு இங்கே அனேகமாக இல்லை என்றே சொல்லவேண்டும். கல்லானது யுகம் யுகமாக விட்ட மூச்சு, யாரோடும் சேராத சுபாவம் கொண்ட வாயுவாகையால், அப்படியே வானத்தில் தங்கிவிட்டது.

கல்லின் மூச்சில் ஈலியம் என்கிற இன்னொரு வாயுவும் உண்டு. யுரேனியமும் தோரியமும் அழியும்போது அது பிறக்கிறது. இந்த இடத்தில் ஆனந்த குமாரசுவாமியை நினையாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. சிவபெருமானின் நடனத்தைப் பற்றியும் இந்தியச் சிற்பத்தைப் பற்றியும் எழுதி உலகப் புகழ் பெற்ற அந்தப் பெரியார், 1877இல் கொழும்பில் சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராகப் பிறந்தவர். கலைத் துறைக்கு வருமுன் அவர் பூகர்ப்ப சாஸ்திரி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர். அக்காலத்தில் அவர் கவனத்துக்கு வந்த கறுத்த, கனத்த கனிமம் ஒன்று 1904இல் தோரியனைற் என்று புதிதாகப் பெயர் பெற்றது. அதைச் சூடாக்கியபோது உள்ளே அடைபட்டிருந்த ஈலியம் ஏராளமாக வெளிவந்தது. ஆகனைக் கண்டவரான ரேலி பிரபுவின் மகன் ஸ்ட்ரட், இலங்கைத் தோரியனைற்றில் அடங்கிய ஈலியத்தை அளந்து, அதைக்கொண்டு கல்லின் வயதைக் கணிக்கலாம் என்று முயன்றார். பூமியின் வயதைப் பற்றிய விவாதத்தில் நம் தீவின் கல் சாட்சி சொன்ன சந்தர்ப்பம் அது. ஈலியம் எவ்வளவு பிறந்தாலும் வாயுமண்டலத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ ஐந்து பங்குதான் இருக்கிறது. மிக இலேசானதாகையால், பூமியின் ஈர்ப்பு அதைப் பிடித்துவைக்கும் வல்லமையற்றது. மேலே ஏறி ஏறி ஆகாயவெளியிற் கலந்துவிடுகிறது. ஒரு கிரகத்தின் காற்று அதன் கற்களிலிருந்து வருகிறது, அதன் உச்சியிலிருந்து கசிகிறது என்கிற இரண்டு விதிகளையும் இந்த இரண்டு வாயுக்களே நமக்குக் காட்டிக்கொடுக்கின்றன.

செவ்வாய்க் கிரகத்துக்கு நேர்ந்த கதி இரண்டாவது விதியின் கடுமையைக் காட்டும். அங்கே ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடங்கள் இருக்கின்றன. இன்று அதன் வாயுமண்டல அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 2014 செப்டெம்பரில் இந்தியாவின் மங்கள்யானும் அமெரிக்காவின் மேவன் விண்கலமும் சில நாள் இடைவெளியில் அக்கிரகத்தை அடைந்தன. மேவன் அனுப்பிய அளவுகளைக் கொண்டு, செவ்வாயின் ஆகனில் மூன்றில் இரண்டு பங்களவு சூரியக் காற்றால் அடித்துச் செல்லப்பட்டுவிட்டது என்று 2017இல் கணித்தார்கள். வெள்ளிக் கிரகத்தின் கதி இதற்கு நேர்மாறானது. அங்கே நம்முடையதைப்போலத் தொண்ணூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் கரியமிலவாயு கவிந்து கிடக்கிறது. நிலமோ ஈயம் உருகும் வெப்பத்தில் இருக்கிறது. நம் பூமியிலும் ஏறத்தாழ அதே அளவு கரியமிலவாயு உண்டு என்று கேட்டால் வாசகர்கள் திடுக்கிடக் கூடும். அது வானத்தில் இல்லை என்பதே நமக்குக் கிடைத்த பாக்கியம்.

அது எங்கே போயிற்று என்பதை அறிய நிலாவெளிக்குப் போகலாம். அங்கிருந்து சிறு வள்ளத்தில் ஏறினால், புறாமலை என்று அவ்வூரார் அழைக்கும் தீவின் கரையில் இறங்கலாம். கரையின் ஒரு பகுதியில் மணலுக்குப் பதிலாக, அலை ஒதுக்கிய முருகைக்கல் துண்டுகள் வெள்ளை எலும்புகளைப்போலக் குவிந்து கிடக்கும். காலடி பட்டால் கலகலவென்று ஓசை எழும். ஒரு துண்டை எடுத்து உற்றுப் பார்த்தால், மேற்பரப்பெங்கும் நட்சத்திர வடிவான சிறு குழிகள் தெரியும்; ஒவ்வொரு குழியும் ஒரு முருகைப்பூச்சி குடியிருந்த வீடு. அந்தத் துண்டின் எடை 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் 44 கிராம் கரியமிலவாயு அடங்கியிருக்கிறது. வாயுவாக விரித்தால் அது இருபது லீற்றருக்கும் மேல். ஒரு கைப்பிடிக் கல்லில் ஒரு பெரிய குடம் கொள்ளாத காற்று ஒடுங்கியிருக்கிறது.

இதைப் பிரத்தியட்சமாகப் பார்க்க விரும்பினால் சுண்ணாம்புச் சூளையைத் தவிர வேறு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கிழக்குக் கரையிலும் தென்மேற்குக் கரையிலும் முருகைக்கல்லை வெட்டியெடுத்துச் சூளையிலிட்டுச் சுட்டு விற்பது நெடுங்காலத் தொழிலாக இருந்தது. விறகையும் கல்லையும் அடுக்கடுக்காக இட்டு எரித்தால், கல்லின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கண்ணுக்குத் தெரியாமல் வானத்திற் கலந்துவிடும். எஞ்சுவது நீற்றாத கற்சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் சீறிக் கொதித்துப் பொடியாகும். அந்தச் சுண்ணாம்பைச் சுவருக்குப் பூசினால், வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் காற்றிலிருந்து தான் இழந்த கரியமிலவாயுவையே திரும்ப வாங்கிக்கொண்டு, மறுபடியும் கல்லாய் இறுகிவிடும். பழைய கோட்டைச் சுவர்களின் சுண்ணச்சாந்து நாளாக ஆக உறுதியாவதன் இரகசியம் இதுதான். அந்தத் தொழிலால் கடலோரம் அரிக்கப்பட்டது என்பது வேறு விஷயம். பூமியின் வாயுமண்டலச் சரித்திரத்தில் நிகழ்ந்த இரண்டு மகத்தான காரியங்களும், அதாவது காற்றைக் கல்லாக்குதலும் கல்லைக் காற்றாக்குதலும், அந்தச் சூளையிலும் அந்தச் சுவரிலும் அடங்கிவிட்டன.

முருகைப்பூச்சிக்கு வேண்டிய கல்சியத்தைக் கடல் எங்கிருந்து பெறுகிறது? கொட்டியாரக்குடாவுக்கு வந்து பார்த்தால் விடை கலங்கல் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மலைநாட்டிற் பிறந்து, 335 கிலோமீற்றர் ஓடி, மகாவலி கங்கை கடலிற் சேருமிடம் அதுவே. மழைநீர் வானத்தினூடே இறங்கும்போது சிறிது கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. மண்ணில் ஊறும்போது வேர்களும் உக்கும் இலைகளும் அதற்கு இன்னும் கரியமிலவாயுவைக் கொடுக்கின்றன. அந்த நீர் மலைப்பாறையைத் தொட்டுத் தொட்டு அரிக்க, பெல்ஸ்பார் களிமண்ணாகிறது. கல்சியமும் கரியமிலவாயுவும் கண்ணுக்குத் தெரியாத கரைசலாக ஆற்றோடு போகின்றன. கடலிலே முருகையும் சிப்பியும் ஓடு கட்டும்போது, அப்படி வந்த கரியமிலவாயுவில் பாதி மறுபடியும் வெளியேறிவிடுகிறது. மற்றப் பாதி கல்லாகத் தங்கிவிடுகிறது. இது மிக மந்தமான காரியம். ஆயினும் இந்த மந்தமான காரியமே இலட்சக்கணக்கான ஆண்டுகளில் வானத்தின் கரியமிலவாயுவைக் கட்டுப்படுத்தி வந்திருக்கிறது. பூமி சூடேறினால் மழை மிகும், அரிப்பு விரைவாகும், கரியமிலவாயு குறையும். பூமி குளிர்ந்தால் அரிப்பு தளரும், எரிமலைகள் விடும் வாயு வானத்தில் சேரும். ஆதியில் சூரியன் இன்றைக்கு இருப்பதில் எழுபது வீத ஒளியோடுதான் பிரகாசித்தது என்று வானசாஸ்திரிகள் சொல்லுகிறார்கள். அப்படியிருந்தும் கடல் உறைந்தே கிடக்காமலும், பிற்பாடு சூரியன் வலுத்தபோது கொதித்துப் போகாமலும் இருந்ததற்கு இந்தத் தன்னியக்கமான ஒழுங்கே முக்கிய காரணம் என்பது 1981இல் வாக்கர், ஹேய்ஸ், காஸ்டிங் என்கிற மூவர் எடுத்துரைத்த கொள்கை.

கல்லைக் காற்றாக்கும் பெருஞ்சூளை நிலத்தின் ஆழத்தில் இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த குன்றுகளில் எழுந்து நிற்கும் குவாட்சைற், ஒரு காலத்தில் நீரடியில் படிந்த மணல் என்பதும், கண்டி மாத்தளைப் பகுதிகளிற் காணப்படும் பளிங்குச் சுண்ணக்கல், அவ்வாறே படிந்த சுண்ணக்கல் என்பதும் ஆராய்ச்சியால் தெளிவாகியிருக்கின்றன. 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி கொண்டுவானா என்னும் பெருநிலம் ஒன்றுசேர்ந்த காலத்தில், இவை பல கிலோமீற்றர் ஆழத்திற்கு அமிழ்த்தப்பட்டு 800 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்தன. அத்தகைய வெப்பத்தில் சுண்ணக்கல்லும் சிலிக்காவும் கலந்தால் புதிய கனிமம் பிறக்கும், கரியமிலவாயு விடுபடும். விடுபட்ட வாயுவில் ஒரு பகுதி மேலேறி வானத்தை அடையும். ஒரு பகுதி வெடிப்புகளில் ஓடி, பென்சிற்கரியாக உறைந்துவிடும். போகலையிலும் ககட்டகஹவிலும் சுரங்கம் தோண்டி எடுக்கும் உயர்ந்த பென்சிற்கரி இத்தகைய நாளங்களிலிருந்து வருவதே. ஆனந்த குமாரசுவாமி தம் இளம் வயதில் லண்டன் பூகர்ப்பச் சங்கத்தின் சஞ்சிகைக்கு எழுதிய முக்கியமான இரண்டு கட்டுரைகள் எவற்றைப் பற்றியவை என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஒன்று இலங்கைப் பாறைகளையும் பென்சிற்கரியையும் பற்றியது. மற்றொன்று, 1902இல் வெளிவந்தது, பளிங்குச் சுண்ணக்கற்களைப் பற்றியது. வானத்திலிருந்து ஒடுங்கிய கரி, நிலத்தினுள் தங்கும் இரண்டு வடிவங்களையும் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கலை நூல்களைப் போற்றுகிற நாம் இந்தக் கட்டுரைகளைத் தமிழில் கொண்டுவராமல் இருப்பது பெருங்குறை என்றே நினைக்கிறேன்.

பிராணவாயுவின் சரித்திரம் இதனினும் விசித்திரமானது. அதைப் படிக்கத் திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரைக்குப் போகவேண்டும். அங்கே மணல் கறுப்பு. வடகீழ்ப் பருவக்காற்று எழுப்பும் அலைகள் இலேசான வெண்மணலை அள்ளிக்கொண்டு போய்விட, பாரமான கனிமங்கள் கரையோரத்தில் தேங்கிவிடுகின்றன. ஒரு பிடி அள்ளினால் சாதாரண மணலைவிடக் கை தாழ்கிறது. அதில் சுமார் எழுபது வீதம் இல்மனைற், ரூற்றைலும் சிர்க்கோனும் அடுத்தபடி, மொனசைற் சிறிதளவு. உலகத்திலேயே மிகச் செறிவான இத்தகைய படிவுகளில் இது ஒன்றென்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் வாசகர்களைக் கவனிக்கச் சொல்லுவது அந்த மணலில் இல்லாத ஒன்றை. பைரைற் என்னும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பொன்னிறமான பாரக் கனிமம் அதில் தேங்குவதில்லை. மலைப்பாறைகளில் அது இருக்கத்தான் செய்கிறது. ஆற்றோடு வரும் வழியிலேயே பிராணவாயு பட்டுத் துருப்பிடித்துக் கரைந்துபோகிறது. ஆனால் தென்னாபிரிக்காவில் ஜொகன்னஸ்பேர்க் நகரைச் சுற்றியுள்ள பொற்சுரங்கங்களில், 270 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆற்றுமணற் பாறைகளில், ஆறு உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய பைரைற் உருண்டைகள் நிறையக் கிடைக்கின்றன. அந்த ஆறு ஓடிய நாளில் வானத்தில் பிராணவாயு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எது? அக்காலத்து வானம் நைதரசனும் கரியமிலவாயுவும், ஒருகால் மீதேனும் கலந்ததாக, நம்மைப் போன்ற ஜீவன்களை ஒரு நிமிஷமும் வாழவிடாததாக இருந்தது.

கடலில் வாழ்ந்த நீலப்பச்சைப் பாசிகள் சூரிய ஒளியைக்கொண்டு தண்ணீரைப் பிளந்து பிராணவாயுவை வெளிவிட ஆரம்பித்தன. அது உடனே வானத்தை அடையவில்லை. கடலில் கரைந்திருந்த இரும்பு அதில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டது. அவ்வாறு படிந்த இரும்புப் பாறைகளின் வகையைச் சேர்ந்தவையே சேலத்துக் கஞ்சமலையில் வரி வரியாகத் தெரியும் காந்தக்கற் பாறைகள். எரிமலை வாயுக்களும் தங்கள் பங்கைத் தின்றன. 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான், செலவை மிஞ்சி வரவு நின்று, பிராணவாயு வானத்தில் தங்கத் தொடங்கியது. அதன் பின்னும் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் அது சொற்பமாகவே இருந்தது. இரண்டாம் முறை அது உயர்ந்து, மிருக ஜீவன்கள் கடலில் தோன்றிய காலம் ஏறத்தாழ நம் பாறைகள் ஆழத்தில் வெந்துகொண்டிருந்த அதே காலம். கீழே கல் உருமாறிக்கொண்டிருக்க, மேலே உயிர் உருமாறிக்கொண்டிருந்தது.

புல்மோட்டை மணலிலுள்ள சிர்க்கோனின் குடும்பத்தையும் சொல்லிவிட வேண்டும். இலங்கை மலைப்பாறைகளில் உள்ள சிர்க்கோன் மணிகள் சிலவற்றின் நடுப்பகுதி 200 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதன்மேல் வளர்ந்த போர்வையோ 55, 60 கோடி ஆண்டுகள் மட்டும் கொண்டது. இலங்கையிற் கிடைத்த இரத்தினத் தரமுள்ள சிர்க்கோன் ஒன்று, கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில், பிற சிர்க்கோன்களின் வயதை ஒப்பிட்டு அளக்கும் நியமக் கல்லாகப் பல ஆண்டுகள் பயன்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த, 440 கோடி ஆண்டு பழைமையுள்ள சிர்க்கோனே பூமியில் உருவானவற்றுள் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய பொருட்துணுக்கு. பூமி பிறந்து அதிக காலம் செல்லுமுன்பே அதன்மேல் திரவமான நீர் இருந்தது என்பதற்கு அத்தகைய மணிகளே ஆதாரம்.

இடைப்பட்ட யுகங்களை விரைந்து கடந்துவிடலாம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடுகள் மண்ணிற் புதைந்து நிலக்கரியான காலத்தில், பிராணவாயு முப்பது வீதத்தைத் தொட்டது. எழுபது சென்ரிமீற்றர் அகலம் சிறகு விரித்த தும்பி இனங்கள் அன்று பறந்தன. கரி மண்ணில் புதையுமிடத்து, அதோடு சேரவேண்டிய பிராணவாயு செலவாகாமல் வானத்தில் மிஞ்சும் என்பது இதிலிருந்து விளங்கும். பின்பு கொண்டுவானா உடைந்தது. இலங்கை அண்டார்ட்டிக்காவைப் பிரிந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதி இமயம் எழத் தொடங்கியது. அன்று வானத்தில் இன்றையினும் இரண்டு மடங்குக்கு மேல் கரியமிலவாயு இருந்தது. துருவங்களில் பனிப்பாளம் இல்லை. அதன் பின் கரியமிலவாயு குறைந்துகொண்டே வந்து, 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்ட்டிக்கா உறைந்தது.

அந்தக் கரியில் ஒரு பங்கு எங்கே இருக்கிறது என்பது திருகோணமலையார் யாவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. துறைமுக வாயிலுக்கு அப்பால் கண்டத்திட்டு மிக ஒடுக்கமானது. கொட்டியாரக்குடாவிலிருந்தே ஆரம்பிக்கும் பள்ளத்தாக்கு கடலடியில் மூவாயிரம் மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. திமிங்கிலங்கள் கரைக்கு இத்தனை அருகில் வருவதற்கு அந்த ஆழமே காரணம். அதற்கும் கிழக்கே, கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்திலிருந்து அள்ளிவந்த மண், விசிறி விரித்தாற்போல் வங்கக் கடலின் அடியெங்கும் பரந்து, இலங்கையைத் தாண்டித் தெற்கேயும் சென்று, மொத்தம் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் நீளத்துக்குப் படிந்து கிடக்கிறது. 2015ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஜோய்டிஸ் ரெசொலூஷன் என்னும் துளைப்புக் கப்பல் வடக்கு அகலக்கோடு 8 பாகையில், அதாவது அனேகமாகத் திருகோணமலைக்கு நேர் கிழக்கே, அந்தப் படிவில் வரிசையாக ஏழு இடங்களில் துளையிட்டுக் கடலடி மண்ணை உருளை உருளையாக வெளியே எடுத்தது.

மண்ணோடு மண்ணாக, கரைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அப்பாலுள்ள ஆழ்கடலடியில், அந்த உருளைகளுக்குள் மரச்சிராய்கள் இருந்தன. 1.9 கோடி ஆண்டுகளாகத் தொடர்ந்து மரம் அங்கே புதைந்துவந்திருக்கிறது என்று 2019இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். வெள்ளமும் சேறும் அந்த மரங்களை அவை வளர்ந்த இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் இழுத்துவந்து, அழுகுவதற்கு முன்பே மூடிவிட்டன. இமயச் சாரலிலே ஒரு மரம் வானத்திலிருந்து எடுத்த கரி, வானத்துக்குத் திரும்பாமல் அங்கே கிடக்கிறது. அது வெளியிட்ட பிராணவாயு மட்டும் வானத்திலே நின்றுவிட்டது.

இத்தனை யுகங்களில் அமைந்த இந்த நிலைமையை மனிதர் எத்தனை வேகத்தில் மாற்றிவிட்டோம் என்பதை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது. எட்டு இலட்சம் ஆண்டுகளின் காற்று அண்டார்ட்டிக்காப் பனியில் குமிழி குமிழியாக அடைபட்டிருக்கிறது. அந்தக் காலம் முழுவதும் கரியமிலவாயு பத்து இலட்சத்தில் 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஏறி இறங்கியது. இயந்திரத் தொழில் பெருகுமுன் 280 ஆக இருந்தது, 1958இல் ஹவாய்த் தீவில் கீலிங் என்னும் விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. உலகத்து எரிமலைகள் யாவும் சேர்ந்து ஒரு வருஷத்தில் விடுகிற கரியமிலவாயுவைப் போல நூறு மடங்களவு நாம் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து விடுகிறோம். மகாவலி அதைத் திரும்ப எடுக்கும்; முருகைக்கல் எடுக்கும்; வங்கக் கடலின் அடிமண்ணும் எடுக்கும். அவற்றின் கணக்கு இலட்சம் ஆண்டுகளில் ஓடுவது. அதற்குள்ளாகச் சூடேறிய கடலில் புறாமலையின் முருகை வெளுத்து மடியாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் இப்போதைய கவலை.